மேசை மேல் உத்தியோகம்

ஐம்பதுகளின் நடுவில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சில மாதங்களில், சிட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பீங்கான் மொத்த வியாபாரியிடம் எனக்கு வேலை கிடைத்தது. அல்சூரிலிருந்து பஸ் பிடித்து மார்க்கெட்டில் இறங்கி, பூக்கடைகளையும் வெங்காய மண்டிகளையும் தாண்டி ஒரு சந்துக்குள் நடந்தால் தகரக் கதவு போட்ட கிடங்கு வரும். உள்ளே நுழைந்ததும் வைக்கோல் வாசனை. கோப்பை, சாஸர், ஊறுகாய் ஜாடி, லாந்தர் கண்ணாடி எல்லாம் மரப்பெட்டிகளில் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு வரும்; அதே வைக்கோலோடு மைசூருக்கும் ஹாசனுக்கும் ஹோசூருக்கும் போகும். என் புடவையில் ஒட்டியிருந்த துணுக்குகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை மாடு என்று பஸ்ஸில் ஒரு அம்மாள் என்னைக் கேட்டிருக்கிறார்.

முதலாளிக்கு ஆம்பூர்ப் பக்கம். சுதந்திரம் வந்த சமயத்தில் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, அவர்கள் விட்டுச்சென்ற தட்டுகளையும் டீ செட்டுகளையும் வாங்கி விற்று முன்னுக்கு வந்தவர். நல்ல மனுஷர். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் எந்தப் பொருளும் சும்மா கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உடைந்த சாஸர்கூட அவரிடம் ஏதோ ஒரு ஜாடிக்கு மூடியாகிவிடும். ஒரு நாள் கிடங்கில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு, பெட்டி அடுக்குக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே இருந்த வெற்றிடம் கண்ணில் பட்டுவிட்டது. இவ்வளவு காற்றுக்கும் சேர்த்துத்தானே நான் வாடகை கொடுக்கிறேன் என்றாராம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எழும்பியதுதான் நாங்கள் அட்டா என்று சொன்ன அந்தத் தளம்.

அட்டா கன்னட வார்த்தை. பரண் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது, மாடி என்று சொல்லத் துணிச்சல் வராதது. ரயில்வேயில் கழித்துப் போட்ட தண்டவாளங்களை ஏலத்தில் எடுத்து, சிலவற்றைக் காலாக நிறுத்தி, சிலவற்றை மேலே குறுக்காகப் போட்டு நட்டு முடுக்கி, அதன் மேல் பெட்டி உடைத்த பலகைகளைப் பரப்பியிருந்தார் முதலாளி. கால்கள் கல்லின் மேல் சும்மா நின்றன. சுவரோடு எந்த இடத்திலும் அது சேரவில்லை. காரணம் இருந்தது: சுவரில் ஓட்டை போடக் கட்டடத்தின் சொந்தக்காரர் விடவில்லை. ஆகையால் கிடங்கின் நடுவில், எதையும் தொடாமல், அது பாட்டுக்குத் தனியாக நின்றது. அதன் மேல்தான் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நான், என் டைப்ரைட்டர், அதிகம் பேசாத ஒரு கணக்கர், மாதிரி ஜாடிகள் வைத்த அலமாரி ஒன்று. கூரை சரிந்து இறங்கும் பக்கத்தில் கணக்கரின் மேசை இருந்ததால், அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். முதலாளியின் அறை கீழே, வாசல் பக்கம்.

மேலே போக ஒரு இரும்பு ஏணி. படிகளுக்குப் பின்னால் அடைப்பு கிடையாது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதி உயரத்தில் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுற்றிலும் ஹமாலிகள். சுமை தூக்குகிறவர்களை மார்க்கெட்டில் அப்படித்தான் சொல்வோம். எல்லோரும் நீலசந்திராவிலிருந்து வருகிற தமிழ் ஆட்கள். நான் ஏறவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒரு தடவை இருமினார். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள். அவர் ஹமாலிகளைப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டியதும் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். "இப்போ போ பேட்டி, மெதுவா," என்றார், மகளே என்கிற அர்த்தத்தில்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் ஏணியில் கால் வைப்பேன், பாய் இருமுவார், தலையில் பெட்டி இருக்கிறவர்கள்கூடப் பெட்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார்கள். நான் மேலே போய்ச் சேர்ந்ததும் இன்னொரு இருமல், வேலை தொடரும். ஹாசனிலிருந்து சரக்கெடுக்க வந்த ஒரு கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, ஏதோ பிரார்த்தனை நேரம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. ஏணியில் இருக்கும்போது சிரிக்கவும் கூடாதே.

ஒவ்வொரு முறையும் வேலை நின்றுபோவது முதலாளிக்கும் தெரிந்தது. தண்ணீர் குடிக்க இறங்க வேண்டாம் என்று எனக்காக ஒரு புது ஜாடியை மேலே அனுப்பிவைத்தார். பிரச்சினை அத்துடன் தீர்ந்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அட்டா ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் பெட்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பதற்காகத் தடுப்பு எதுவும் வைக்கவில்லை. பென்சிலை மேசையிலிருந்து தவறவிட்டால் அது பலகைமேல் உருண்டு, விளிம்புக்குப் போய், கீழே யார் தலையிலாவது விழும். சாயங்காலம் ஹமாலிகளின் மேஸ்திரி அன்றைக்கு விழுந்த பென்சில்களை ஒரு சணல் நாரால் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் கணக்கர் முழங்கை பட்டு, கனமான கண்ணாடிப் பேப்பர்வெயிட் ஒன்று உருண்டு போய் விழுந்தது. விழுந்த இடத்தில் சாஸர் அடுக்கு இருந்ததால் சாஸர்கள் போயின. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆள் குனிந்திருந்தார். மேஸ்திரி ஏணியில் பாதி ஏறி வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பென்சில்னா பரவால்லம்மா. தலைக்கு மேல கண்ணாடி வாணாம்."

அன்று முழுவதும் எனக்கு டைப் அடிக்கக் கை வரவில்லை. முதலாளியிடம் போய் விளிம்பில் ஒரு பலகையாவது வைத்து அடிக்கலாமே என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இனிமேல் மேலே பேப்பர்வெயிட் வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

வீட்டில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஆபீஸ் மேலே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அம்மா அதை மாடி ஆபீஸ் என்று எடுத்துக்கொண்டு, தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் கார்ப்பரேஷனிலிருந்து ஒரு ஓவர்சியர் வந்தார். லைசென்ஸுக்காகக் கிடங்கை அளக்க வந்தவர். ஆனேக்கல் பக்கத்து மனிதர், ஒல்லியான இளைஞர், சட்டைப்பையில் டேப், வாசலில் சைக்கிள். குனிந்து தரையை அளந்துகொண்டிருந்தவர், தலைக்கு மேலே டைப்ரைட்டர் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். பலகை இடுக்கு வழியாக அவருக்கு என் செருப்பு தெரிந்திருக்க வேண்டும். டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். கணக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் ஒரு தண்டவாளக் காலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். என் டம்ளரில் இருந்த டீ அலையடித்தது. திரும்பவும் மேலே வந்தவர் என்னிடம்தான் பேசினார்.

"கீழே பூரா வைக்கோல் இருக்கு. மேல நீங்க இருக்கீங்க. நடுவுல ஒரே ஏணி. நெருப்புன்னா எப்படிம்மா இறங்குவீங்க?"

கணக்கர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் பார்க்கிற வைக்கோல்தான். ஹமாலிகள் பீடி குடிக்க வெளியே போகிறார்கள், ஆனால் மழை நாட்களில் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். அதையும் இதையும் நான் அதுவரை சேர்த்து நினைத்ததே இல்லை.

முதலாளியிடம் ஓவர்சியர் மரியாதையாகவே சொன்னார். கட்டடத்துக்குள் இப்படி ஒரு தளம் போட்டால் அனுமதி வாங்க வேண்டும். பிளான் கொடுக்க வேண்டும். சரியான படிக்கட்டு, இடுப்பு உயரத்துக்குத் தடுப்பு, சாமான் உருண்டு விழாமல் விளிம்பில் கால்பலகை, ஆடாமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள், வெளியே போக இன்னொரு வழி எல்லாம் வேண்டும். முதலாளி சரி சரி என்று தலையாட்டி அவருக்குக் காபி வரவழைத்தார். ஓவர்சியர் காபியைத் தொடாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை முதலாளியின் முகத்தில் ஒரு தனிக் களை இருந்தது. என்னைக் கூப்பிட்டு, கார்ப்பரேஷனுக்கு ஒரு லெட்டர் அடிக்கச் சொன்னார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தளம் என்றால் சுவரில் பதிந்திருக்க வேண்டும்; இது எந்தச் சுவரையும் தொடவில்லை. கட்டடம் என்றால் தரையில் அஸ்திவாரம் வேண்டும். இது கல்லின் மேல் சும்மா நிற்கிறது. கால்கள் இருக்கின்றன, மேலே பலகை இருக்கிறது. கால் வைத்துப் பலகை போட்ட சாமானுக்கு மேசை என்று பெயர். எங்கள் கிடங்கில் ஒரு மேசை வைத்துக்கொள்ளக் கார்ப்பரேஷனின் அனுமதி தேவையில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

மேசை என்று மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டேன்.

"பெரிய மேசைன்னு போடும்மா," என்றார்.

அடித்து முடித்ததைக் கணக்கர் வாங்கிப் படித்தார். நான் அங்கே சேர்ந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தது அன்றுதான். சிரித்தபடியே நிமிர்ந்து தலையில் இடித்துக்கொண்டார்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சுருக்கமான பதில். தங்கள் கடிதம் கிடைத்தது. அது மேசை என்றால், ஒரு டைப்பிஸ்டும் ஒரு கணக்கரும் அந்த மேசையின் மேல் உட்கார்ந்து வேலை செய்வது ஏன் என்று விளக்கவும். முதலாளிக்குப் படித்துக் காட்டி அர்த்தம் சொல்ல வேண்டியவள் நான். சிரிக்காமல் சொல்ல மிகவும் பாடுபட்டேன். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், உட்கார வேறு இடம் இல்லை என்று எழுதலாமா என்றார். வேண்டாம் சார் என்றேன்.

அந்த வாரமே ஓவர்சியர் நேரில் வந்தார். கோபமாக வரவில்லை. முதலாளி தன் வாதத்தைத் திரும்பவும் ஒரு முறை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஆயித்து, சரி யஜமானரே," என்றார். "மேசைன்னா நகர்த்த வருமில்ல? கொஞ்சம் நகர்த்திக் காட்டிடுங்க. நான் மேசைன்னே எழுதிட்டுப் போறேன்."

இதை முதலாளி எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் பின்வாங்குகிற ஆள் அல்ல. உடனே டைப்ரைட்டர், கணக்குப் புத்தகங்கள், மாதிரி ஜாடிகள் எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொன்னார். கால்களைச் சுற்றியிருந்த பெட்டிகளை பாய் ஒதுக்கி வைத்தார். ஹமாலிகளில் சிலர் கடப்பாரையோடு ஒரு பக்கத்துக் கால்களின் அடியில் போய் நின்றார்கள். மற்றவர்கள் தோள் கொடுத்தார்கள். மேஸ்திரிக்கு மட்டும் மனசில்லை. இது மேலே வந்து விழும், வேண்டாம் என்றார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்றும் ஆகாது, நானே மேலே நிற்கிறேன் பாருங்கள் என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஓவர்சியர் வேண்டாம் என்று கையைப் பிடிக்கப் போனார். முதலாளி கேட்கவில்லை. பலகை போட்ட நாளிலிருந்து அவர் மேலே ஏறியது அதுதான் முதல் தடவை.

நடுவில் போய் நின்றுகொண்டு, தள்ளு என்றார்.

தள்ளினார்கள். கால்கள் நகரவில்லை. கல்லிலேயே நின்றன. ஆனால் தலைப்பக்கம் மட்டும், தண்டவாளங்கள் முனக, ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு நொடி நின்று, திரும்பி வந்து, மறுபக்கமும் சாய்ந்தது. பலகை இடுக்கிலிருந்து தூசியும் வைக்கோலும் கொட்டின. ஓவர்சியர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் அது இரண்டு தரம் ஆடிவிட்டுத்தான் நின்றது. மேலே முதலாளி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் பலகையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

பிறகு அவர் விளிம்புப் பக்கம் நகர்ந்து வந்து, ஏணிக்குக் காலை நீட்டினார். கால் படியைத் தேடியது, கிடைக்கவில்லை. வேட்டி ஏணியின் கம்பியில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து பாய்க்குத் தூசியில் இருமல் வந்தது. உண்மையான இருமல்தான். ஹமாலிகள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார்கள். ஓவர்சியர் தன் டேப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

நான் ஏணியில் நாலு படி ஏறினேன். "சார், திரும்பி ஏணியப் பாத்து இறங்குங்க. கீழ பாக்காதீங்க. இடது கால முதல்ல வைங்க, நான் பிடிச்சுக்கறேன்," என்றேன்.

நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதிக்கு மேல் கைப்பிடி கிடையாது என்பதையும் நான்தான் முன்கூட்டிச் சொன்னேன். தரைக்கு வந்ததும் வேட்டியைச் சரிசெய்தார். முகம் வெளிறியிருந்தது. பாய் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். முதலாளி ஓவர்சியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தினம் இதுலயாம்மா ஏறி இறங்கற?"

"ஆமா சார்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

விளிம்புக்குப் பலகை கேட்டதை நான் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வரவில்லை என்பது இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஏறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து ஓவர்சியரிடம் போய், பிளான் எப்படிப் போடுவது என்று கேட்டார். மேசை பற்றி அதற்குப்பின் ஒருவரும் பேசவில்லை. கார்ப்பரேஷனுக்கு இன்னொரு லெட்டர் அடித்தோம். அதில் நான் இடைத்தளம் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை டிக்ஷனரியில் பார்த்து, எழுத்துக்கூட்டித் தட்டினேன்.

இரண்டு மாதம் கணக்கரும் நானும் ஜாடிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். தண்டவாளக் கால்களுக்குக் கீழே கான்கிரீட் போட்டார்கள். கால்களுக்கிடையில் பெருக்கல் குறிபோலச் சட்டங்கள் வந்தன. கட்டடச் சொந்தக்காரரிடம் முதலாளி நடையாய் நடந்து சம்மதம் வாங்கி, பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்து, வெளிப்பக்கம் கல்படி இறக்கினார். விளிம்பு நெடுகக் கம்பித் தடுப்பும் கால்பலகையும் வந்தன. சரக்கு இழுக்கிற இடத்தில் மட்டும் திறந்து மூடுகிற ஒரு சின்ன கேட். ஓவர்சியர் நாலைந்து முறை வந்து போனார். கூரை சரியும் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று அவர் சொன்னதால் கணக்கருக்கு நடுவில் இடம் கிடைத்தது. ஆனாலும் பல நாள் வரைக்கும் தலையில் கையை வைத்துக்கொண்டேதான் எழுந்திருந்தார்.

படிக்கட்டு மரத்தில் செய்தது. இரண்டு பேர் எதிரெதிரே போகலாம். பின்பக்கம் பலகை அடைத்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. திறந்த அன்று நான் ஏறினேன். ஹமாலிகள் திரும்பவில்லை. பாய் இருமவும் இல்லை. மேஸ்திரி ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு எனக்குப் பக்கத்திலேயே ஏறி வந்து, படி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் எதையும் பிடிக்காமல், ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறுவது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று தேவையே இல்லாமல் பலமுறை ஏறி இறங்கினேன்.

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது: ஒரே சமயத்தில் இருபது பேருக்கு மேல் அந்தத் தளத்தில் ஏறக் கூடாது, அதை எழுதி மாட்ட வேண்டும். முதலாளி பெயின்டரை வரவழைத்துக் கன்னடம், தமிழ், உருது, இங்கிலீஷ் நாலிலும் எழுதவைத்தார். அவரைப்போல அந்த போர்டை மதித்தவர் யாரும் இல்லை. மார்க்கெட்டில் வேறு யாராவது அட்டா போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தானே போய், குறுக்குச் சட்டம் போட்டீர்களா, கால்பலகை வைத்தீர்களா என்று விசாரித்து, அவர்கள் உயிரை எடுத்துவிட்டு வருவார். ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டவர்களிடம் மட்டும் காரணத்தைச் சொல்லமாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை மேலேயே வைத்தோம். டைப்ரைட்டருக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், படிக்கட்டின் கைப்பிடி நெடுக சாமந்திச் சரம். ஹமாலிகள், அவர்கள் குடும்பம், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி படிக்கட்டின் அடியில் நின்று ஒவ்வொருவராக எண்ணி மேலே அனுப்பினார். இறங்குகிறவரைப் பார்த்துத்தான் அடுத்தவருக்கு வழி. அழைப்பின் பேரில் ஓவர்சியரும் வந்தார், சைக்கிளுக்குப் பூச்சுற்றி. அவர் படியில் கால் வைக்கப் போனபோது முதலாளி கையை நீட்டி மறித்தார்.

"மன்னிக்கணும். மேல இருபது ஆயிடுச்சு."

ஓவர்சியர் ஒரு நிமிஷம் போர்டைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு, ஊறுகாய் ஜாடிப் பெட்டி ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பொரியும் கடலையும் வெல்லமும் ஒரு தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன். தான் கொடுத்த நிபந்தனையில் தானே மாட்டிக்கொண்டது அவருக்குப் பிடித்திருந்தது போலத்தான் இருந்தது. கடலையை மென்றுகொண்டே, மேலே இப்போது வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரிதான், மத்தியானத்தில் ஓட்டுச் சூடுதான் தாங்கவில்லை என்றேன். அவர் வருத்தத்தோடு, அதற்கு விதி எதுவும் இல்லையே என்றார்.

விதி இல்லாவிட்டாலும் நான் முதலாளியிடம் கேட்டேன். கேட்கிற தைரியம் எனக்கு அந்த வருஷத்தில் வந்திருந்தது. அடுத்த கோடைக்குள் ஒரு பழைய மேசை மின்விசிறியை எங்கிருந்தோ வாங்கிக் கொண்டுவந்து, தானே படியேறி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சுவிட்சைப் போட்டதும் நான் அடித்து வைத்திருந்த பில்கள் அத்தனையும் கிளம்பிக் கம்பித் தடுப்புக்கு மேலே பறந்து கிடங்கெல்லாம் இறங்கின. ஹமாலிகள் சிரித்துக்கொண்டே பொறுக்கிக் கொடுத்தார்கள். மேலே பேப்பர்வெயிட் வேண்டாம் என்ற உத்தரவு அப்படியே இருந்ததால், மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஜாடி மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.